கெட்டி சென்டருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

லாஸ் ஏஞ்சலிஸ் வரும் நம்மவர்கள் யுனிவர்சல் ஸ்டூடியோ, டிஸ்னிலாண்ட், ஹாலிவுட் நடைபாதை எல்லாம் முடித்துவிட்டு, கையில் அரை நாள் மிச்சம் இருந்தால் கெட்டி சென்டர் பக்கம் போவார்கள். அரை நாள் தாராளமாகப் போதும். ஆனால் எந்த அரை நாள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காலை பத்து மணிக்குப் போய், வெயிலில் வெள்ளைக் கல் கண்ணைக் கூச வைக்க, ஓவியக் கூடங்களை ஓட்டமாகச் சுற்றிவிட்டு, கால் வலியோடு தோட்டத்தை மேலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஏராளம். கொஞ்சம் திட்டமிட்டால் அதே இடம் வேறு மாதிரி இருக்கும்.

அது என்ன இடம் என்று தெரியாதவர்களுக்கு: ஜே. பால் கெட்டி எண்ணெய்த் தொழிலில் பெரும்பணம் சேர்த்தவர். 1976-இல் அவர் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதி அவர் தொடங்கிய அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்தப் பணத்தில், நகரின் மேற்கே பிரென்ட்வுட் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 அடி உயரத்தில் ஒரு குன்றின் உச்சியில் எழுந்ததுதான் கெட்டி சென்டர். வடிவமைத்தவர் ரிச்சர்ட் மையர். 1997 டிசம்பரில் திறந்தார்கள். உள்ளே ஐரோப்பிய ஓவியங்கள், சிற்பங்கள், பழைய கையெழுத்துச் சுவடிகள், புகைப்படங்கள். வெளியே தோட்டங்களும், நகரம் முழுவதும் கண்ணில் விரியும் மாடங்களும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய் முதல் வெள்ளி வரையிலும் ஞாயிறன்றும் காலை 10 முதல் மாலை 5:30 வரை. சனிக்கிழமை மட்டும் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். இதோடு நன்றி நவிலல் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு போன்ற சில நாட்களிலும் மூடிவிடுவார்கள். விமான டிக்கெட் போடும் முன்பே கெட்டியின் இணையதளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். நேரம் மாறியிருக்கலாம், பராமரிப்புப் பணிக்காக மூடும் அறிவிப்பும் அங்கேதான் வரும்.

என்னைக் கேட்டால் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிதான் சரியான நேரம். காரணங்கள் மூன்று. மூன்று மணிக்கு மேல் பார்க்கிங் கட்டணம் குறைகிறது. வெயில் தணிய ஆரம்பிக்கிறது. எட்டு மணி வரை ஐந்து மணி நேரம் கையில் இருப்பதால் ஓவியம், தோட்டம், சூரிய அஸ்தமனம் மூன்றையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். மற்ற நாட்களில் மூன்று மணிக்குப் போனால் இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கும். அது போதாது. வார நாளில்தான் போக முடியும் என்றால் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் மேலே இருப்பது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அன்று பள்ளிப் பேருந்துகள் வரும். காலைக் கூட்டம் மதியத்துக்கு மேல் குறையும்.

மாதம் என்று பார்த்தால் மார்ச் பின்பாதியும் அக்டோபரும் மிக வசதி. சூரியன் ஆறிலிருந்து ஏழரைக்குள் மறைவதால், சனிக்கிழமை மாலை அஸ்தமனத்தையும் பார்க்கலாம், அதன் பிறகு நகரின் விளக்குகள் எரிவதையும் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே எட்டு மணி ஆகிவிடும். அதற்குள் காவலர்கள் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். மே, ஜூன் மாதக் காலை நேரங்களில் கடலிலிருந்து ஏறி வரும் சாம்பல் நிற மூட்டம் குன்றையே மூடிவிடும். உள்ளூர்க்காரர்கள் அதை 'ஜூன் க்ளூம்' என்பார்கள். காலையில் போனால் கடலும் தெரியாது, நகரும் தெரியாது. பெரும்பாலும் மதியத்துக்குள் கலைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அமைந்தால் அதிர்ஷ்டம். காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கும். கிழக்கே சான் கேப்ரியல் மலைகளின் பனி, மேற்கே பசிபிக் கடல், இரண்டும் ஒரே இடத்தில் நின்று தெரியும்.

முன்பதிவு

நுழைவு இலவசம்தான், ஆனால் நேரம் குறித்த முன்பதிவு வேண்டும். கெட்டியின் இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் கொடுத்தால், மின்னஞ்சலில் டிக்கெட் வந்துவிடும். காசு கேட்கும் வேறு தளங்களில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சுற்றுலாத் தளங்கள் சில இந்த இலவச டிக்கெட்டையே ஏதாவது ஒன்றோடு சேர்த்து விலை போட்டு விற்கின்றன. டிக்கெட்டில் உள்ள நேரம் உள்ளே வருவதற்கு மட்டும்தான். வந்த பிறகு மூடும் வரை இருக்கலாம்.

சனிக்கிழமை மாலை நேரங்கள், அதுவும் நீண்ட வார இறுதிகளில், சீக்கிரம் தீர்ந்துவிடும். நாள் முடிவானதும் பதிவு செய்துவிடுவது நல்லது.

பதிவு செய்யும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். அதே தளத்தில் அவர்களுடைய சேகரிப்புப் பட்டியல் இருக்கிறது. நீங்கள் பார்க்க ஆசைப்படும் ஓவியம் இப்போது சுவரில் இருக்கிறதா, எந்த அறையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் போட்டிருப்பார்கள். ஓவியங்கள் மற்ற ஊர்க் கண்காட்சிகளுக்குக் கடனாகப் போய்வரும். வான்கோவைப் பார்க்க வேண்டும் என்றே ஒருவர் வந்து, அது ஊரில் இல்லை என்று தெரிந்தால் என்ன ஆவது? இரண்டு நிமிட வேலை, பார்த்துவிடுங்கள்.

போய்ச் சேர்வது

405 ஃப்ரீவேயில் கெட்டி சென்டர் டிரைவ் என்ற பெயரிலேயே வெளியேறும் வழி இருக்கிறது. அதில் இறங்கினால் குன்றின் அடிவாரத்தில் நிலத்தடிப் பார்க்கிங். மேலே கார் போகாது. பார்க்கிங் 25 டாலர், மூன்று மணிக்கு மேல் 15, சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் இன்னும் குறைவு. காருக்குத்தான் கட்டணம், தலைக்கு அல்ல. ஆகவே இரண்டு குடும்பங்கள் சேர்ந்து போவதானால் ஒரே காரில் அடைத்துக்கொண்டு போவது லாபம். திரும்பும்போது காருக்குப் போகும் முன் அங்கிருக்கும் இயந்திரத்தில் அட்டையைக் காட்டிப் பணம் கட்டிவிடுங்கள். எந்தத் தளத்தில், எந்த எழுத்துக்குக் கீழே நிறுத்தினோம் என்பதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தளமும் ஒன்றுபோலவே இருக்கும்.

405 என்பது அமெரிக்காவிலேயே நெரிசலுக்குப் பெயர்போன சாலைகளில் ஒன்று. வரைபடச் செயலி 25 நிமிடம் என்று காட்டினால் 50 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வார நாள் மாலை மூன்றிலிருந்து ஏழு வரை அது போகும் மலைக் கணவாயைக் கடப்பது பொறுமைக்குச் சோதனை. சனிக்கிழமையைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மெட்ரோவின் 761-ஆம் எண் பேருந்து செபுல்வேடா சாலையில் கெட்டியின் வாசலிலேயே நிற்கும். சான்டா மோனிகாவிலிருந்தோ டவுன்டவுனிலிருந்தோ வருகிறவர்கள் ஈ லைன் ரயிலில் எக்ஸ்போ/செபுல்வேடா நிலையத்தில் இறங்கி இதைப் பிடிக்கலாம். டாப் என்ற மெட்ரோ பயண அட்டையில் ஒரு பயணம் 1.75 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் மாறிக்கொள்ளலாம். மாணவர்களாக வந்திருப்பவர்களுக்கு இதைவிடச் செலவில்லாத அருங்காட்சியகம் இந்த ஊரில் கஷ்டம்தான். ஊபர், லிஃப்ட் அடிவாரத்தில் இறக்கிவிடும்.

மேலே ஏறும் டிராம்

அடிவாரத்தில் பைகளைச் சோதித்த பிறகு டிராம் நிலையம். ஓட்டுநர் கிடையாது. மூன்று பெட்டிகள் கொண்ட இந்த வண்டி காற்று மெத்தையின் மேல் மிதக்க, கம்பிவடம் அதை மேலே இழுத்துப் போகும். முக்கால் மைல் தூரம், ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஃப்ரீவே தெரியும் பக்கத்தில் நின்றுகொண்டால் கீழே கார்கள் சிறுத்துக்கொண்டே போவது தெரியும். நடந்தும் ஏறலாம், சாலையோரம் பாதை இருக்கிறது. நிழல் குறைவு என்பதால் இறங்கும்போது வேண்டுமானால் நடங்கள்.

டிராமை விட்டு இறங்கியதும் எல்லோரும் நேராகப் படியேறி உள்ளே ஓடுவார்கள். நீங்கள் ஒரு நிமிடம் அந்தச் சுவர்களிடம் போங்கள்.

கட்டடத்தின் பெரும்பகுதி டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல். ரோம் நகருக்குக் கிழக்கே திவோலியை ஒட்டிய குவாரியிலிருந்து வந்தது. சுமார் 16,000 டன். ரோமின் கொலோசியம் கட்டிய கல்லும் அந்த வட்டாரத்துக் கல்தான். இங்கே மையர் செய்த காரியம், கல்லை இழைத்து மெருகேற்றாமல், கில்லட்டின் போன்ற ஒரு வெட்டுக்கருவியால் அதன் இயல்பான படலத்தின் வழியே பிளந்து, பிளந்த முகத்தை அப்படியே சுவரில் பதித்தது. அதனால் அந்தக் கல்லுக்குள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த இலைகள், கிளைகள், சில இடங்களில் இறகுகளின் தடங்கள் வெளியே தெரிகின்றன. விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், இலையின் நடுநரம்பு பிடிபடும். ஓவியத்தைத் தொட்டால் காவலர் பாய்ந்து வருவார், சுவரைத் தொட யாரும் தடுப்பதில்லை. குழந்தைகளிடம் 'யார் அதிக இலைகளைக் கண்டுபிடிப்பது' என்று போட்டி வைத்துவிட்டால் அடுத்த அரை மணி நேரம் உங்களுக்கு நிம்மதி.

இன்னொன்று கவனியுங்கள். தரை, சுவர், ஜன்னல் எல்லாமே 30 அங்குலச் சதுரக் கணக்கில் அமைந்தவை. தரையின் கோடு எங்கே முடிகிறதோ அங்கிருந்தே சுவரின் கோடு ஏறும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

கட்டடத்தின் பெருமையில் அழகு மட்டுமில்லை. 2019 அக்டோபரில் இதே மலைச்சரிவில் காட்டுத்தீ பற்றியது. அந்தத் தீக்கே 'கெட்டி தீ' என்று பெயர். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வெளியேற, ஓவியங்களை மட்டும் யாரும் வெளியே எடுக்கவில்லை. உள்ளேதான் பத்திரம். கல் சுவர், சரளைக்கல் பரப்பிய கூரை, பத்து லட்சம் காலன் தண்ணீர்த் தொட்டி, புகை உள்ளே நுழையாதபடி காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்கும் ஏற்பாடு என்று எல்லாமே முன்யோசனையோடு செய்தவை. வருகிறவர்களுக்கு இதில் ஒரு செய்தி: இலையுதிர் காலத்தில் வறண்ட காற்று வீசித் தீ எச்சரிக்கை விடும் நாட்களில் திடீரென மூடிவிடுவார்கள். கிளம்பும் காலையில் தளத்தை ஒருமுறை பாருங்கள்.

எதை முதலில் பார்ப்பது

இது மாதத்தைப் பொறுத்தது. கோடையில் கூடங்கள் முதலில், தோட்டம் கடைசியில். குளிர்காலத்தில் நேர்மாறு. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால் வந்ததும் தோட்டத்துக்கு இறங்கிவிட்டு, இருட்டியதும் ஓவியங்களுக்குப் போங்கள்.

ஓவியக் கூடங்கள் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று நான்கு தனித்தனிக் கட்டடங்கள். நடுவே முற்றம். ஏறக்குறைய காலவரிசைப்படி சுற்றி வரும். வடக்கில் பழையவை, மேற்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஒவ்வொன்றிலும் மேல்தளத்தில் ஓவியங்கள், கீழ்த்தளத்தில் சிற்பங்களும் மற்றவையும். ஓவியங்கள் மேல்தளத்தில் இருப்பதற்குக் காரணம் கூரை வழியே வரும் பகல் வெளிச்சம். வெளியே மேகம் கடந்தால் உள்ளே ஓவியத்தின் நிறமும் லேசாக மாறும்.

நான்கையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்பாதீர்கள். மூன்றாவது கட்டடத்தில் கண் சோர்ந்துவிடும். நான்காவதில் நாற்காலி தேடுவீர்கள். இரண்டைத் தேர்ந்தெடுங்கள். முதல்முறை என்றால் மேற்கும் கிழக்கும் என் தேர்வு.

மேற்குக் கட்டடத்தின் மேல்தளத்தில் வான்கோவின் 'ஐரிஸ் மலர்கள்'. 1889 மே மாதம், தெற்கு பிரான்ஸின் சான் ரேமியில் மனநலக் காப்பகத்தில் தானே போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், அங்கிருந்த தோட்டத்தில் வரைந்தது. கூட்டம் எப்போதும் அதன் முன்னால்தான். எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு நகர்வார்கள். கொஞ்சம் காத்திருந்தால் இடைவெளி கிடைக்கும். அப்போது கிட்டே போய் நில்லுங்கள். நீல மலர்களுக்கு நடுவே இடப்பக்கம் ஒரே ஒரு வெள்ளை ஐரிஸ் நிமிர்ந்து நிற்கும். இலைகள் ஒவ்வொன்றும் தடித்த கோட்டுக்குள் அடங்கியிருக்கும், ஜப்பானிய மர அச்சுப் படங்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாணி அது. அடியில் செம்மண் நிறத்தில் சின்னச் சின்னத் தீற்றல்கள். இந்த மலர்கள் முதலில் இந்த நீலத்தில் இல்லை. அவர் கலந்த ஒருவகைச் சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு மங்கிப்போனதால், ஊதாவாக இருந்தவை இன்று நீலமாகத் தெரிகின்றன. கெட்டியின் ஆய்வாளர்களே கண்டுபிடித்தது இது. வண்ணத்துக்குள் பைன் மரத்தின் மகரந்தக் கூம்பு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. திறந்த வெளியில் நின்றுதான் வரைந்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே தளத்தில் மோனேயின் வைக்கோல் போர் பனியில் கிடக்கும், செசானின் ஆப்பிள்கள் இருக்கும், மானேயின் 'வசந்தம்' இருக்கும். பெல்ஜியத்தின் ஜேம்ஸ் என்சோர் வரைந்த 'கிறிஸ்து பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் நுழைதல்' சுமார் 14 அடி அகலம். ஊரே முகமூடி போட்டுக்கொண்டு கொண்டாட்டத்தில் திரிய, கிறிஸ்து எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதுதான் அந்த ஓவியத்தின் கிண்டலும். தேர்தல் ஊர்வலம் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கவுரையே தேவையில்லை.

கிழக்குக் கட்டடத்தில் ரெம்பிராண்ட் சிரித்துக்கொண்டிருப்பார். இருபத்திரண்டு வயது வாக்கில் தன்னையே பார்த்து வரைந்தது. செம்புத் தகட்டில், ஒரு சாண் உயரம்தான். சுற்றியிருக்கும் பெரிய ஓவியங்களில் கண் போய் இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். நெடுங்காலம் யாருக்கும் தெரியாமல் கிடந்து 2007-இல் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஏலத்தில் தலைகாட்டியது. கெட்டிக்கு வந்தது 2013-இல்.

வடக்குக் கட்டடத்தில் பெரும்பாலும் கிறிஸ்தவக் கதைகள். பைபிள் பழக்கமில்லாதவர்களுக்கு நாலு அறைக்குள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றிவிடும். தேவதூதர் மரியாளிடம் செய்தி சொல்வது, மூன்று ஞானிகள் குழந்தையைப் பார்க்க வருவது, சிலுவையிலிருந்து இறக்குவது ஆகிய இந்த மூன்று காட்சிகளை மட்டும் தெரிந்துகொண்டு போனால் பாதி புரிந்துவிடும். போனால் மான்டெக்னாவின் மூன்று ஞானிகளைப் பாருங்கள். முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வயதான ஞானி பொற்காசுகளை நீட்டும் கிண்ணம் சீனப் பீங்கான். 1500-ஐ ஒட்டிய இத்தாலிய ஓவியத்தில் சீனத்துக் கிண்ணம் எப்படி வந்தது என்று யோசித்தால் கடல் வணிகத்தின் கதை விரியும்.

தெற்குக் கட்டடத்தில் பிரெஞ்சுப் பிரபுக்களின் மேசை, நாற்காலி, கட்டில், தங்க முலாம் பூசிய கடிகாரங்கள். எனக்கு அதில் அதிக நாட்டமில்லை. மரவேலையில் ஈடுபாடுள்ளவர்கள் விடக்கூடாது. கையெழுத்துச் சுவடிகளும் புகைப்படங்களும் மங்கிய வெளிச்சத்தில், அடிக்கடி மாற்றி மாற்றி வைக்கப்படுபவை, இன்ன சுவடி, இன்ன படம்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போக முடியாது.

படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. செல்ஃபி குச்சியும் முக்காலியும் கூடாது. முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள், பெரியதாக இருந்தால் பொருள் காப்பகத்தில் இலவசமாக வைத்துவிடலாம். வரையும் பழக்கமுள்ள பிள்ளைகள் இருந்தால் பென்சிலும் நோட்டும் கொடுத்துவிடுங்கள். ஓவியத்தின் முன் உட்கார்ந்து பார்த்து வரையலாம். பேனாவுக்கு அனுமதியில்லை. கெட்டிகைடு என்ற செயலியை வீட்டிலேயே இறக்கிக் காதுக்குழலோடு கொண்டு போனால் ஒலிவழி விளக்கம் இலவசம்.

தோட்டம்

நடுத்தோட்டத்தை உருவாக்கியவர் ராபர்ட் இர்வின். தோட்டக்கலைஞர் அல்ல, ஓவியர். வெளிச்சத்தையும் வெளியையும் வைத்து வேலை செய்தவர். மையரின் கட்டடம் பெரும்பாலும் நேர்கோடும் சதுரமும். இர்வின் அதன் காலடியில் எல்லாவற்றையும் வளைத்து, நெளித்து, தினமும் மாறிக்கொண்டே இருக்கும்படி வைத்தார். கட்டும் காலத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த கதை. அந்த உரசல்தான் இந்த இடத்துக்கு உயிர் கொடுத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு நகராதீர்கள். மேலிருந்து பார்த்தால் வட்டமான குளமும் அதில் மிதப்பது போன்ற அசேலியாச் செடிப் புதிர்வட்டமும் மட்டும்தான் தெரியும். படம் எடுக்க அது போதும், தோட்டம் அதுவல்ல. மேலிருந்து ஓர் ஓடை கீழே இறங்குகிறது. பாதை அந்த ஓடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடந்து கடந்து சரிவில் போகும். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நின்று கேளுங்கள். மேலே ஓடையில் பெரிய கற்கள், தண்ணீர் மோதிச் சலசலக்கும். கீழே போகப் போகச் சத்தம் மாறும். ஓடையில் கற்களை வைத்த விதத்தாலேயே இந்த வேறுபாட்டை அவர் உண்டாக்கினார். இருபுறமும் பிளேன் மரங்கள். கோடையில் தலைக்கு மேல் கூரை, குளிர்காலத்தில் இலையுதிர்ந்து வெறும் கிளை.

கீழே வந்தால் இரும்புக் கம்பிகளைக் கட்டிக் குடைபோல விரித்திருக்கும் தூண்கள். கட்டட வேலைக்குப் போடுகிறோமே, அதே முறுக்குக் கம்பிதான். அதன் உச்சியில் காகிதப்பூ கொத்துக் கொத்தாக வழியும். நம் ஊர்ச் சுற்றுச்சுவர்களில் யாரும் திரும்பிப் பார்க்காத காகிதப்பூ இங்கே சிம்மாசனத்தில் இருக்கிறது. குளத்தின் நடுவிலுள்ள புதிர்வட்டத்துக்குள் நடக்க முடியாது, சுற்றி மட்டும் வரலாம். அசேலியா பூக்கும் காலம் வசந்தம். அதற்குப் போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, 500-க்கும் மேற்பட்ட வகைச் செடிகளை மாற்றி மாற்றி நடுவதால் ஏதாவது ஒன்று பூத்திருக்கும். தோட்டத்தில் தரையில் இர்வினின் வாசகம் பொறித்திருக்கும்: எப்போதும் மாறிக்கொண்டே, இரண்டுமுறை ஒன்றாக இராமல். எதையும் பறிக்காதீர்கள், விதையைக்கூட. சரிவிலுள்ள புல்வெளியில் உட்காரலாம், படுக்கலாம்.

தோட்டத்தைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் தன்னார்வலர்கள் இலவசமாக அழைத்துப் போய் விளக்குவார்கள். நேரத்தைத் தகவல் மேசையில் கேளுங்கள்.

அதைத் தவிர, தெற்குக் கோடியில் கள்ளித் தோட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளே போக முடியாது, மேலிருந்து பார்ப்பதுதான். உருண்டைக் கள்ளிகளுக்கு அப்பால் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் முழுதும் விரிந்து கிடக்கும். அஸ்தமனத்துக்கு இருபது நிமிடம் முன்னால் இங்கே வந்து நின்று, பிறகு கடல் தெரியும் மேற்கு மாடத்துக்குப் போங்கள். நகர விளக்குகளுக்கு மறுபடியும் இங்கேயே திரும்பலாம்.

சாப்பாடு, வெயில், பெரியவர்கள்

மேலே உணவகம், காப்பிக் கடை எல்லாம் உண்டு. சைவம் கிடைக்கும், விலை அருங்காட்சியக விலை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். அடிவார டிராம் நிலையத்தருகே பிக்னிக் மேசைகள் இருக்கின்றன. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் அங்கே பிரிக்க யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கூடங்களுக்குள் மட்டும் எதுவும் சாப்பிடக்கூடாது.

வெள்ளைக் கல்லில் பட்டு வெயில் திரும்பி முகத்தில் அடிக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கோடையில் கட்டாயம். மாலையில் கடற்காற்று ஏறினால் ஜூலையிலும் குளிரும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று கையில் இருக்கட்டும். செருப்பை விட ஷூ நல்லது, நடை அதிகம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்களா? சக்கர நாற்காலி இலவசமாகத் தருவார்கள். 'எனக்கெதுக்கு அதெல்லாம்' என்பார்கள், கேட்காதீர்கள், வாங்கிவிடுங்கள். எல்லாத் தளத்துக்கும் லிஃப்ட் உண்டு. தோட்டப் பாதையில் இறங்குவது சுலபம், ஏறும்போது மூச்சு வாங்கும். பாதியில் உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பலருக்கு ஓவியத்தைவிட ஓடையோரமும் மாடமும்தான் பிடிக்கும். அவர்களை அங்கே நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஒரு கூடத்தைச் சுற்றிவிட்டு வரலாம். கைபேசியில் பேட்டரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.

அவர்களோடு போகும் நாளுக்கு ஒரு வசதியான ஏற்பாடு: காலையில் கலபாஸஸ் பக்கத்து மாலிபு வேங்கடேஸ்வரர் கோயில், பிற்பகலில் கெட்டி. கோயிலிலிருந்து 101 பிடித்து 405-இல் தெற்கே திரும்பினால் நேர்வழி. காலையிலேயே தரிசனம் முடித்து, சாப்பிட்டுக் கிளம்பினால் மூன்று மணிக் கணக்கு சரியாக வரும்.

இறங்குவதும் அடுத்த நாளும்

மூடும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாக டிராமுக்கு வருவார்கள். வரிசை நீளும். இருபது நிமிடம் முன்பே கிளம்பினால் தப்பிக்கலாம், அல்லது எல்லோரும் போகட்டும் என்று வரிசையின் கடைசியில் நிதானமாக நில்லுங்கள், விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். புத்தகக் கடைக்கு அரை மணி நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். பெரிய படம் வாங்கிச் சுமக்க வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: கெட்டி தன் சேகரிப்பின் ஏராளமான படங்களை உயர்ந்த தரத்தில் இலவசமாகத் தரவிறக்க விட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

இதே அறக்கட்டளைக்குக் கடலோரத்தில் கெட்டி வில்லா என்று இன்னொன்று உண்டு. கிரேக்க, ரோமானியப் பழம்பொருட்கள் அங்கேதான். ஒரே நாளில் இரண்டுக்கும் போனால் பார்க்கிங் ஒருமுறை கட்டினால் போதும், ஆனால் தனி முன்பதிவு வேண்டும். 2025 ஜனவரி காட்டுத்தீக்குப் பின் அதன் திறப்பு நாட்கள் மாறியிருப்பதால் தேதி பார்த்துத் திட்டமிடுங்கள். ஒரே நாளில் இரண்டும் என்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கெட்டியில் இந்தியக் கலை கிடையாது. சோழர் செப்புத்திருமேனிகளைப் பார்க்க ஆசைப்பட்டால் பசடேனாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகம் போங்கள், செவ்வாயும் புதனும் விடுமுறை. சிவபுரம் கோயிலிலிருந்து திருடுபோய், 1973-இல் நார்ட்டன் சைமன் வாங்கி, வழக்குக்குப் பின் 1986-இல் இந்தியா திரும்பிய நடராசரின் கதையைப் படித்துவிட்டுப் போனால், கீழ்த்தளத்து ஆசியக் கூடத்தில் ஒவ்வொரு திருமேனியின் முன்னாலும் கூடுதல் நேரம் நிற்பீர்கள். அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.